குரலையும் நடையையும் ‘ஆம்பளத்தனமா’ மாத்தப் பயிற்சி எடுத்தா நிஜமாவே பலன் இருக்கா?

அரைக்கைச்சட்டை கேட்டது:

தன்பாலீர்ப்பு ஆண்கள் யாராவது விவரமா பதில் சொன்னா நல்லது. ஸ்ட்ரெய்ட் (பெண்களை விரும்பற) ஆண்களும் சொல்லலாம், இந்தத் தொல்லையில அவங்களுக்கும் பங்கு இருக்கு.

பேச்சுல நளினம், நடந்தா இடுப்பு அசையுது, பேசும்போது மணிக்கட்டு மடங்குது, சிரிச்சா சத்தம் மேல ஏறுது. ‘ஆம்பள மாதிரி இரு’ன்னு சொல்றவங்க கையில இருக்கிற லிஸ்ட் இதுதான். இதைச் சரி பண்ணித் தர்றோம்னு இணையத்துல வகுப்பு விக்கிறாங்க. முப்பது நாள்ல கனத்த குரல், ‘ஆல்பா’ நடை, கையை எங்க வெக்கணும்னு தனிப்பாடம். என் கேள்விகள்:

ரெண்டு மாசத்துல வேலைக்கு இன்டர்வியூ போகப்போற ஒருத்தர் இதுக்கு நேரம் ஒதுக்கினா என்ன மாறும், என்ன கெடும்?

வேலையில சேர்ந்த பிறகு ‘ஆள் யாரும் இருக்காங்களா’ மாதிரி கேள்விகளை எப்படிக் கையாள்றது?

டேட்டிங் ஆப்ல நம்ம ஆளுங்களே ‘மேஸ்குலின் மட்டும், நளினம் வேண்டாம்’னு எழுதி வெக்கிறாங்களே, அது ஏன்?

‘நீ நீயாவே இரு’ மாதிரி பதில் வேண்டாம். அது பொய்னு சொல்லலை. திங்கக்கிழமை காலையில அதை வெச்சு என்ன பண்றதுன்னு புரியலை, அவ்வளவுதான்.

---

குரல்நாண்:

குரலைப் பத்தி மட்டும் சொல்றேன். மத்ததை மத்தவங்க பாத்துக்கட்டும்.

குரல் கனத்துட்டா நளினம் போயிடும்னு அந்த வகுப்புக்காரங்க சொல்றது தப்பான இடத்துல கை வைக்கிற வேலை. வளர்ந்த ஆணோட பேச்சுச் சுருதி சராசரியா 100-லேர்ந்து 130 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், பெண்ணோடது 190-லேர்ந்து 220 பக்கம். தன்பாலீர்ப்பு ஆண்களோட சராசரிச் சுருதியும் அந்த ஆண் எல்லைக்குள்ளதான். 1994-ல ருடால்ஃப் காடியோ பதிவு பண்ணின குரல்களைப் போட்டுக் காட்டி ஆராய்ஞ்சார். கேட்டவங்களோட முடிவைச் சுருதி அளவுகளால விளக்க முடியலை. 2003-ல டொரான்டோ மொழியியலாளர்கள் செய்த ஆய்வும் அதே பக்கம்தான் போச்சு. அதோட, சில ஸ்ட்ரெய்ட் ஆண்கள் குரலை ‘கே’ன்னும் சில கே ஆண்கள் குரலை ஸ்ட்ரெய்ட்னும் கேட்டவங்க முடிவு கட்டினதும் அதுல பதிவாச்சு.

அப்போ காது எதைப் பிடிக்குது? பெரும்பாலும் ‘ஸ்’ ஒலியை. நாக்கு நுனி பல்லுக்குப் பக்கத்துல போனா சத்தம் கூர்மையா, கொஞ்சம் நீளமா வரும். அப்புறம் உயிரொலிகளை முழுசா, தெளிவா உச்சரிக்கிறது. ரெண்டுமே சுருதி சம்பந்தப்பட்டது இல்லை. இன்னொண்ணு, இந்த அளவீடெல்லாம் முக்கியமா இங்கிலீஷ் பேசுறவங்ககிட்ட எடுத்தது. தமிழ்ல ‘ச’வை ஆளுக்கொரு விதமா, ஊருக்கொரு விதமா சொல்றோம். இங்கிலீஷ் ‘ஸ்’ஸுக்குச் சொன்னதை அப்படியே இங்க ஒட்ட வெக்க முடியாது.

குரலை வலுக்கட்டாயமா இறக்கினா நடக்கிறது இதுதான். குரல்வளையைக் கீழ அழுத்திப் பிடிக்கிறீங்க, கழுத்துத் தசை இறுகுது. நாண்கள் தங்களால முடிஞ்ச கடைசி எல்லையில அதிரும்போது ‘கரகர’ன்னு உடைஞ்ச சத்தம் வரும். அந்த இடத்துல குரலுக்குச் சத்தமும் இல்லை, ஏத்த இறக்கமும் இல்லை. எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு உங்க ஆண்மை தெரியாது. ஆர்வமில்லாத ஆள்னு தெரியும். வாரக்கணக்கா இப்படியே பேசினா சாயங்காலம் தொண்டை வலி, தொண்டையை அடிக்கடி செருமுறது, நாள் முடியறதுக்குள்ள குரல் மங்கறது எல்லாம் வரும். தசை இறுக்கத்தால வர்ற குரல் கோளாறு இது. கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல நீடிச்சா காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட நாண்களைப் பாக்கச் சொல்லுங்க.

சந்தேகம் இருந்தா போன்ல பதிவு பண்ணிப் பாருங்க. அஞ்சு நிமிஷம் இறக்கின குரல்ல எதையாவது விளக்கிப் பேசுங்க. தயார் பண்ணின வாக்கியம் வரைக்கும் அது நிக்கும். யோசிச்சுப் பேச ஆரம்பிச்சதும் பழைய இடத்துக்கே வந்துடும். இன்டர்வியூல கஷ்டமான கேள்வி வர்ற நேரமும் அதுதான்.

ரெண்டு மாசம் இருக்குன்னா இதைச் செய்யுங்க. யாரோ சொல்றதை ஆமோதிக்கிற மாதிரி வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்-ஹ்ம்’ சொல்லிப் பாருங்க. அது வந்து உக்கார்ற சுருதிதான் உங்க குரல் சிரமமில்லாம நிக்கிற இடம், அங்கேர்ந்தே பேசுங்க. தினமும் ரெண்டு வேளை, ஒரு டம்ளர் தண்ணியில ஸ்ட்ரா நுனியை 2, 3 செ.மீ. மட்டும் முக்கி, ‘ஊ’ன்னு குரல் கொடுத்தபடி குமிழி விடுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு நிமிஷம் போதும். கன்னம் உப்பணும், கழுத்து இறுகக் கூடாது. ஆழமா முக்கினா அழுத்தம் கூடி அதுவே தொண்டையை இறுக்கிடும்.

அடுத்தது வாக்கியக் கடைசி. தமிழ்ல வினை கடைசியில வருது. செஞ்சீங்களா, செய்யலையா, செய்வீங்களாங்கிறது கடைசி ரெண்டு அசையில இருக்கு. மூச்சு தீர்ந்து அந்த இடம் கரகரத்துப் போனா, எதிர்ல இருக்கிறவர் ‘என்ன சொன்னீங்க?’ன்னு கேட்பார். பத்துப் பதினஞ்சு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு எடுத்து, வினையைச் சத்தமா முடிச்சுப் பழகுங்க. ‘உறுதியா பேசறார்’னு சொல்றது பாதி இதைத்தான்.

பாரபட்சமே கிடையாதுன்னு சொல்ல வரலை. 2017-ல ஃபாபியோ ஃபசோலி குழு செய்த ஆய்வுல, ‘கே’ மாதிரிக் கேட்கிற குரல் உள்ளவரைத் தலைமைப் பதவிக்குக் குறைவா மதிப்பிட்டாங்க. பாரபட்சம் நிஜம். ஆனா கழுத்தை இறுக்கிப் பேசறது அதுக்கு மருந்து இல்லை.

---

சமன்பாடு:

நடைக்கு வர்றேன். மனுஷன் நடக்கும்போது இடுப்பெலும்பு ரெண்டு பக்கமும் சுமார் 4 டிகிரி சுழலும், காலைத் தூக்கற பக்கம் சுமார் 5 டிகிரி கீழ சரியும். இது ஆணுக்கும் உண்டு. இதை நிறுத்தணும்னு இடுப்பை இறுக்கினா அடி சுருங்கும், கை வீச்சு நிக்கும், கீழ்முதுகு வலிக்கும். பாக்கிறவங்களுக்கு ரோபோ மாதிரி இருக்கும், அதுக்கும் ஒரு கேலி வரும்.

கெர்ரி ஜான்சன் குழு 2007-ல, ஆட்களோட உருவக்கோட்டை மட்டும் காட்டி நடையை வெச்சு யூகிக்கச் சொன்னாங்க. தோள் ஆட்டம் ‘ஆண்’, இடுப்பு ஆட்டம் ‘பெண்’னு பாக்கிறவங்க மனசுல ஒரு கணக்கு இருக்கு. உடம்பு ஒண்ணு, ஆட்டம் இன்னொண்ணுன்னா ‘கே’ன்னு முடிவு. ஆண்கள் விஷயத்துல அந்த யூகம் குருட்டாம்போக்கை விடக் கொஞ்சம் மேல இருந்தது.

‘கொஞ்சம் மேல’ங்கிறதைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 1,000 ஆண்கள்ல 50 பேர் தன்பாலீர்ப்பாளர்னு வெச்சுக்கலாம். நூத்துக்கு 60 தடவை சரியா யூகிக்கிற ஒருத்தர் அந்த 50-ல 30 பேரைச் சரியா காட்டுவார். மீதி 950 ஸ்ட்ரெய்ட் ஆண்கள்ல 380 பேரைத் தப்பா காட்டுவார். அவர் விரல் நீட்டின 410 பேர்ல உண்மை 30 பேர்தான், கிட்டத்தட்ட 7 சதவீதம். ‘பாத்தாலே தெரியும்’னு சொல்றவங்ககிட்ட இந்தக் கணக்கு எடுபடாது. இடுப்பு ஆட்டத்துக்காகக் கேலி வாங்கறவங்கள்ல பெரும்பாலானவங்க ஸ்ட்ரெய்ட்டாதான் இருப்பாங்கங்கிறது மட்டும் இதுல தெளிவு.

கேலி யாரைத் தாக்குதுன்னு சமூகவியலாளர் சி.ஜே. பாஸ்கோ கலிஃபோர்னியாவுல ஒரு பள்ளியில உக்காந்து கவனிச்சு 2007-ல எழுதினாங்க. தன்பாலீர்ப்பாளரைத் திட்டற வசவைப் பசங்க, ஒருத்தன் யாரை விரும்பறான்னு பாத்து வீசலை. பந்தைத் தவறவிட்டவன், அழுதவன், நல்லா உடுத்தினவன் எல்லாருக்கும் விழுது. அதைத் தன் மேலேர்ந்து தட்டிவிட ஒரே வழி அடுத்தவன் மேல எறியறது. எறியற கை சும்மா இருந்தா அவன் மேலயே வந்து விழும்.

இதுக்குக் காரணத்தை ஜோசஃப் வான்டெல்லோ, ஜெனிஃபர் பாஸன் குழு 2008-ல முன்வெச்சது. ஆண்மைங்கிறது சம்பாதிச்சு வாங்கினது, எப்போ வேணா பறிபோகும்னு ஆட்கள் நம்பறாங்க. பெண்மையைப் பத்தி அந்த அளவுக்கு அப்படி நினைக்கிறதில்லை. அவங்க சோதனை ஒண்ணு வேடிக்கையா இருக்கும். ஒரு பகுதி ஆண்களைப் பொம்மைத் தலைமுடிக்குச் சடை பின்னச் சொன்னாங்க, இன்னொரு பகுதியைக் கயிறு பின்னச் சொன்னாங்க. விரல் வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். அடுத்து என்ன பண்றீங்க, குத்துமூட்டையைக் குத்தறீங்களா, புதிர் போடறீங்களான்னு கேட்டப்போ, சடை பின்னினவங்க பக்கம் குத்துமூட்டைக்கு ஆள் கூடிடுச்சு. ரிப்பன் வெச்ச சடை அவ்வளவு பெரிய ஆபத்து!

அதனால பயிற்சி எடுத்து ‘தேறிட்டேன்’ங்கிற நாள் வராது. மணிக்கட்டைச் சரி பண்ணினா சிரிப்பைச் சொல்வாங்க, சிரிப்பை அடக்கினா சட்டை நிறத்தைச் சொல்வாங்க. இதுல உள்ளுக்குள்ள ஒரு செலவும் ஓடிக்கிட்டே இருக்கு. ‘கை மடங்கக் கூடாது’ன்னு நினைக்கிறவன் கை மடங்குதான்னு ஓயாம பாத்துக்கிட்டே இருக்கணும். ஒண்ணை நினைக்கக் கூடாதுன்னு அடக்கினா அதுவே திரும்பத் திரும்ப வரும்னு டேனியல் வெக்னர் 1987-லயே காட்டினார். கிளேட்டன் கிரிச்சர், மெலிசா ஃபெர்குசன் 2014-ல நடத்தின சோதனை உங்களுக்கு நேரா பொருந்தும். பாலீர்ப்பு வெளிய தெரியாம பேட்டி கொடுக்கச் சொல்லப்பட்டவங்க, அது முடிஞ்சதும் எழுதின அறிவுத்திறன் சோதனையில மத்தவங்களை விடக் குறைவா எடுத்தாங்க.

கைக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன், இது ஒளிக்கிறதுக்கு இல்லை. இன்டர்வியூல ரெண்டு கையும் மேஜை மேல, ஒரு பேனாவோட. எண்ணிக்கை சொல்லும்போதும் ரெண்டு விஷயத்தை ஒப்பிடும்போதும் கையை நல்லாவே ஆட்டுங்க. அடக்கி வெச்ச கைதான் முகத்துக்கும் தலைமுடிக்கும் போய்ப் பதற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

---

தெருவிளக்கு:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா எல்லாருக்கும் அலுவலகம் மட்டும் பிரச்சினை இல்லை. அடி விழக்கூடிய இடம்னு ஒண்ணு இருக்கு. அங்க நளினத்தை அடக்கிக்கிறதை யாரும் கோழைத்தனம்னு சொல்லக் கூடாது.

அந்த மாதிரி இடத்துல நடையை மாத்த முயற்சி பண்றதுதான் கடைசி வழி, ஏன்னா பயத்துல முதல்ல கைவிட்டுப் போறது அதுதான். எந்த நேரம், எந்த வழி, கூட யாருங்கிறது நம்ம கையில இருக்கு. தனியா போகாதீங்க, கூட்டம் கலையற நேரத்துக்கு முன்னாடியே கிளம்புங்க. போன்ல நோட்டிஃபிகேஷன் எழுத்து திரையில தெரியாம வெச்சுக்கோங்க. ஆப்ல வந்த புது ஆளை முதல் தடவை பொது இடத்துலதான் பாக்கணும், போற இடத்தை நம்பிக்கையான ஒருத்தருக்குச் சொல்லிட்டுப் போகணும். கேலி பண்றவன்கிட்ட வார்த்தையில ஜெயிக்கணும்னு நிக்காதீங்க.

---

நாற்காலி:

‘ஆள் யாரும் இருக்காங்களா’ கேள்விக்கு வர்றேன் தம்பி. வேலையிடத்துல தன்பாலீர்ப்பு ஆண்கள் எடுக்கிற வழிகளை ஜேம்ஸ் உட்ஸ் 1993-ல மூணா பிரிச்சார்: பொய்யா ஒண்ணைக் கட்டறது, பேச்சைத் தவிர்க்கிறது, வெளிப்படையா இருக்கிறது. ஆட்கள் ஒரே வழியில நிக்கறதில்லை, மேலாளர்கிட்ட ஒண்ணு, பக்கத்து சீட்காரர்கிட்ட ஒண்ணு.

இதுல அதிகம் கையைக் கடிக்கிறது முதல் வழி. ‘கேர்ள்ஃப்ரெண்ட் உண்டு’ன்னு ஒரு தடவை சொல்லிட்டா அவளுக்குப் பேர் வேணும், வேலை வேணும், பிறந்தநாள் வேணும். ஆறு மாசம் கழிச்சு போட்டோ கேட்பாங்க. யார்கிட்ட என்ன சொன்னோம்னு கணக்கு வெச்சுக்கணும். ஒருநாள் உண்மையைச் சொல்லணும்னு தோணினாலும், ‘கே’ங்கிற விஷயத்தை விட ‘இத்தனை நாள் பொய் சொன்னியா’ங்கிறதுதான் பெருசாகும். நிஜமான துணையை ‘அவள்’னு மாத்திச் சொல்றதும் இதே கணக்குத்தான், என்னைக்காவது வாய் தவறும்.

தவிர்க்கிறதுன்னா தெளிவா தவிர்க்கணும். மழுப்பினா மறுபடி கேட்பாங்க. ‘வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல பேசறதில்லைங்க’ன்னு சிரிச்ச முகத்தோட சொல்லிட்டு, அதே மூச்சுல அவங்களைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டாவது தடவையும் அதே வார்த்தையிலயே சொல்லுங்க. புதுசு புதுசா காரணம் சொன்னாதான் துருவுவாங்க. இதுலயும் ஒரு நஷ்டம் உண்டு. கூட டீ குடிக்கிற அளவுக்கு ஒட்டாத ஆள்னு பேர் வரும். அதுக்கு விளையாட்டு, பயணம், சமையல்னு எதையாவது தாராளமா பேசுங்க. மறைக்கிற விஷயம் ஒண்ணுன்னா திறந்து வெக்கிற விஷயம் நாலு இருக்கணும்.

சொல்றதா இருந்தா முதல்ல ஒரே ஒருத்தர்கிட்ட. மத்த சிறுபான்மை ஆட்களைப் பத்தி அவர் முதுகுக்குப் பின்னாடி எப்படிப் பேசறார்னு மாசக்கணக்கா கவனிச்சிட்டு ஆளைத் தேர்ந்தெடுங்க. ‘இது யாருக்கெல்லாம் தெரியும்’ங்கிறதையும் அப்பவே சொல்லிடுங்க. சொல்லாட்டி, நல்ல மனசுலயே பத்துப் பேருக்குப் போய்ச் சேரும்.

நடையையோ குரலையோ போலப் பண்ணிக் காட்டிக் கேலி பண்ணினா, ‘அது என்னது, இன்னொரு தடவை பண்ணுங்க’ன்னு முகம் மாறாம கேளுங்க. விளக்கச் சொன்னா பெரும்பாலான கேலி அங்கயே நமுத்துடும். தொடர்ந்தா தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்துல இருந்தவங்க எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வெச்சுக்கோங்க, ஆனா அலுவலகக் கம்ப்யூட்டர்ல வேண்டாம்.

---

பழையபேப்பர்:

ஆப் கேள்விக்கு. ‘மேஸ்குலின் மட்டும்’ங்கிறது ஆப் வந்த பிறகு வந்த வியாதி இல்லை. 1990-கள்லயே தன்பாலீர்ப்பு ஆண்களோட துணை தேடும் விளம்பரங்களை மைக்கேல் பெய்லி குழு ஆராய்ஞ்சு 1997-ல எழுதினப்போ அதே விருப்பம்தான் தெரிஞ்சது. அதுக்கும் முன்னாடி, 1970-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவோட காஸ்ட்ரோ பகுதியில தன்பாலீர்ப்பு ஆண்கள் அச்சுல வார்த்த மாதிரி திரிஞ்சாங்க: மீசை, கட்டம் போட்ட சட்டை, இறுக்கமான ஜீன்ஸ், தொழிலாளி பூட்ஸ். ‘குளோன்’னு, அதாவது நகல்னு, அவங்களுக்குப் பேர். ‘பொம்பளை மாதிரி’ங்கிற பழிக்கு எதிரா போட்ட வேஷம், கொஞ்ச நாள்ல அதுவே சீருடை ஆயிடுச்சு.

காரணம் பெரும்பாலும் சின்ன வயசுல இருக்கு. கெருல்ஃப் ரைகர் குழு 2008-ல, வளர்ந்தவங்களோட குழந்தைப் பருவ வீட்டு வீடியோக்களை, அவங்க யாரை விரும்பறாங்கன்னு தெரியாதவங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. பின்னாடி தன்பாலீர்ப்பாளரா வளர்ந்த பிள்ளைகள், அந்த வயசுலயே பாலின வழக்கத்துக்கு மாறா நடந்துக்கறதா சராசரியில தெரிஞ்சது. அப்போ கேலி வாங்கி அடக்கக் கத்துக்கிட்டவன், வளர்ந்த பிறகு அடக்காத ஒருத்தனைப் பாத்தா எரிச்சல்படறான். ஃபிரான்சிஸ்கோ சான்செஸ், எரிக் விலன் 2012-ல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுது. ஆண்மையா தெரியறதுக்கு அதிக முக்கியத்துவம் கொடுத்து, நளினம் வந்துடுமோன்னு கவலைப்பட்டவங்களுக்குத் தான் கேயா இருக்கிறதைப் பத்தியே எதிர்மறை எண்ணம் கூடுதலா இருந்தது.

விருப்பம் யாருக்கும் இருக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா அந்த வரி வேலை செய்யறதில்லை. நளினமானவங்களை விட அதிகமா, தன் குரல் தேறுமா தேறாதான்னு சந்தேகப்படறவங்களைத்தான் அது விரட்டும். வர்றவங்க முதல் சந்திப்புல முழுசும் நடிச்சிட்டுப் போவாங்க, மூணாவதுல சாயம் போகும். வேணுங்கிறதை எழுதுங்க: மலையேறப் பிடிக்கும், தாடி பிடிக்கும், அமைதியான ஆள் பிடிக்கும். வேண்டாததை ஒதுக்கற வேலையைத் திரையைத் தள்ளற விரல் பாத்துக்கும்.

---

அரைக்கைச்சட்டை:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக் கேள்வி. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோனை ஊசியா போட்டா குரல், உடல்மொழி எல்லாம் தானா ‘ஆண்மையா’ மாறும், ஈர்ப்பு கூட மாறலாம்னு ஒரு வகுப்புக்காரர் சொல்றார். இதுல ஏதாவது இருக்கா?

---

குரல்நாண்:

இல்லை. அந்த ஆள்கிட்டேர்ந்து தள்ளியே இருங்க.

குரல்வளை வளர்றது பருவ வயசுல. அதைக் கடந்து வந்த ஆணுக்கு ஊசி போட்டா குரல் குறிப்பிடும்படியா இறங்காது. ஈர்ப்பு விஷயத்துல, தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு ஹார்மோன் குறைவுங்கிற நம்பிக்கையில 1940-கள்லயே கொடுத்துப் பாத்தாங்க. ஆசையோட அளவுதான் கூடிச்சே தவிர திசை மாறலை. வளர்ந்த தன்பாலீர்ப்பு ஆணுக்கும் ஸ்ட்ரெய்ட் ஆணுக்கும் அந்த ஹார்மோன் அளவு ஒரே எல்லையிலதான் இருக்கு. ‘மாத்தித் தர்றோம்’னு வேற எந்தப் பேர்ல வந்தாலும் இதே பதில்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லயும், உலக சுகாதார நிறுவனம் 1990-லயும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. நோயே இல்லாததுக்கு மருந்து விக்கிறார்.

தேவையில்லாம போட்டா கெடுதல் நிஜமானது. வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்ததும் மூளை ‘போதும்’னு சொந்த உற்பத்தியை நிறுத்திடும். விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் போகலாம். நிறுத்தின பிறகு திரும்பி வர பல மாசம் ஆகும். ரத்தம் கெட்டியாகும். சிவப்பணுக்களோட பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினா சிகிச்சையா எடுக்கிறவங்களுக்கே மருத்துவர்கள் நிறுத்திடுவாங்க. முகப்பருவும் வரும்.

ஆசை குறைஞ்சிருக்கு, ஓயாத சோர்வு, காலையில விறைப்பு இல்லைன்னு நிஜமான அறிகுறி இருந்தா அது வேற விஷயம், அதுக்கும் நளினத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்போ ரத்தப் பரிசோதனை பண்ணலாம். காலை 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, ரெண்டு வேற வேற நாள்ல எடுக்கணும். சாயங்காலம் எடுத்தா அளவு இயல்பாவே இறங்கியிருக்கும், அதைக் காட்டித்தான் பல பேருக்கு ஊசி விக்கிறாங்க. ரெண்டு தடவையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ வந்தா நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்க. குழந்தை வேணும்னு எண்ணம் இருந்தா ஊசிக்கு முன்னாடியே அவர்கிட்ட அதைச் சொல்லிடுங்க, அதுக்கு வேற மருந்து இருக்கு.